அமெரிக்காவில் அரசு மருத்துவ நிதி மோசடி வழக்குகள்

அரசு மருத்துவ நிதி மோசடி வழக்குகள் என்பவை, ஐக்கிய அமெரிக்காவில் மக்களின் மருத்துவச் செலவுக்கென ஒதுக்கப்பட்ட அரசு நிதியைப் பொய்க் கணக்கு, போலி ஆவணம், கையூட்டு ஆகியவற்றின் மூலம் பெறுவோர் மீது தொடரப்படும் உரிமையியல் மற்றும் குற்றவியல் வழக்குகள் ஆகும். இவற்றுள் பெரும்பாலானவை மெடிக்கேர், மெடிக்கெய்டு ஆகிய இரு திட்டங்களைச் சார்ந்தவை. மருத்துவர்கள், மருத்துவமனைகள், ஆய்வகங்கள், வீட்டுச் செவிலியர் நிறுவனங்கள், மருத்துவக் கருவி விற்பனையாளர்கள், மருந்து நிறுவனங்கள் எனப் பல தரப்பினரும் இவ்வழக்குகளில் எதிர்வாதிகளாக இருந்துள்ளனர்.

இவ்வகைக் குற்றத்தில் ஆவணமே கருவியாகவும் ஆவணமே சான்றாகவும் அமைகின்றது. நோயாளிக்குச் செய்யப்படாத சிகிச்சை, தாளில் முறையாகச் செய்யப்பட்டதாகவே காணப்படும். எனவே அந்தத் தாள் பொய் என்பதையும், அது பொய் என அறிந்தே அனுப்பப்பட்டது என்பதையும் மெய்ப்பிப்பதே அரசு வழக்குரைஞர்களின் முதன்மையான பணியாக உள்ளது.

பின்னணி

மெடிக்கேர், மெடிக்கெய்டு ஆகிய இரு திட்டங்களும் 1965 ஜூலை 30 அன்று உருவாயின. குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன், மிசௌரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் நகரில், முன்னாள் குடியரசுத் தலைவர் ஹாரி ட்ரூமன் முன்னிலையில் இதற்கான சட்டத்தில் கையொப்பமிட்டார். மெடிக்கேர் 65 வயதை எட்டியவர்களுக்கான நடுவண் அரசுக் காப்புறுதித் திட்டம் ஆகும். 1972 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் நீண்டகால உடல் இயலாமை உடையோரும், சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தோரும் இதில் சேர்க்கப்பட்டனர். மெடிக்கெய்டு குறைந்த வருமானம் உடையோருக்கானது. இதன் செலவை நடுவண் அரசும் மாநில அரசுகளும் பகிர்ந்து கொள்கின்றன. 2023 ஆம் ஆண்டில் மெடிக்கேர் திட்டத்தின் செலவு மட்டும் ஓர் இலட்சம் கோடி டாலரைக் கடந்தது.

மரபு முறையிலான மெடிக்கேரில், மருத்துவர் சிகிச்சையை முடித்த பின்னர் அதற்குரிய குறியீட்டு எண்களுடன் ஒரு கோரிக்கையை அனுப்புகின்றார். ஆண்டொன்றுக்கு நூறு கோடிக்கும் மேற்பட்ட கோரிக்கைகள் வருவதால், மிகப் பெரும்பாலானவற்றைக் கணினிகளே சரிபார்த்து ஏற்கின்றன. கணினி வழியாக வரும் பிழையற்ற கோரிக்கைக்கு 13 நாட்களுக்கு முன்னர் பணம் வழங்கப்படுவதில்லை. 30 நாட்களுக்குள் வழங்கப்பட வேண்டும். நோயாளியின் எண், மருத்துவரின் எண், நோய்க் குறியீடு, சிகிச்சைக் குறியீடு ஆகியவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதைக் கணினி அறியும். நோயாளி உண்மையிலேயே மருத்துவரிடம் சென்றாரா என்பதை அது அறியாது. இந்த இடைவெளியே மோசடிக்கு வழி வகுக்கின்றது. பணத்தை முதலில் கொடுத்துவிட்டுப் பின்னர் துரத்திச் செல்லும் முறை என்று இது விமரிசிக்கப்படுகின்றது.

சட்ட வரலாறு

பொய்க் கோரல் சட்டம்

இவ்வழக்குகளுக்கான மிகப் பழைய சட்டம் மருத்துவத்திற்காக இயற்றப்பட்டதன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது இராணுவத்திற்குப் பொருள்கள் வழங்கிய ஒப்பந்தக்காரர்கள் அரசை ஏமாற்றியதைத் தொடர்ந்து, 1863 மார்ச் 2 அன்று பொய்க் கோரல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அப்போதைய குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கனின் பெயரால் இது லிங்கன் சட்டம் எனவும் அழைக்கப்படுகின்றது.

மோசடியை அறிந்த தனி மனிதர் ஒருவர் அரசின் சார்பில் தாமே வழக்குத் தொடர்ந்து, மீட்கப்படும் தொகையில் ஒரு பங்கைப் பெறலாம் என்பது இச்சட்டத்தின் சிறப்புக் கூறு ஆகும். இது இலத்தீன மொழியில் குயி டாம் எனப்படுகின்றது. அரசனுக்காகவும் தனக்காகவும் வழக்குத் தொடுப்பவன் என்னும் பொருள் தரும் நீண்ட தொடரின் சுருக்கமே இப்பெயர். 1943 ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்வாறு வழக்குத் தொடுப்போரின் உரிமைகளையும் பங்கையும் பெரிதும் குறைத்தது. 1986 ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றை மீட்டளித்தது. இதன்படி, அரசு அடைந்த இழப்பின் மூன்று மடங்கும், ஒவ்வொரு பொய்க் கோரிக்கைக்கும் தனித் தண்டமும் விதிக்கப்படலாம். அரசு வழக்கில் இணைந்தால் தகவல் தந்தவருக்கு 15 முதல் 25 விழுக்காடும், இணையாவிடில் 25 முதல் 30 விழுக்காடும் பங்காகக் கிடைக்கும்.

பிற சட்டங்கள்

மருத்துவத் துறைக்கே உரிய குற்றவியல் சட்டங்கள் பின்னர் படிப்படியாக உருவாயின.

1972: நோயாளிகளை அனுப்பி வைப்பதற்காகக் கையூட்டுக் கொடுப்பதும் வாங்குவதும் குற்றமாக்கப்பட்டன. 1977 இல் இது கடுங்குற்றமாக உயர்த்தப்பட்டது.

1976: நடுவண் சுகாதாரத் துறையில் தலைமை ஆய்வாளர் அலுவலகம் நிறுவப்பட்டது.

1996: மருத்துவ நலத்திட்ட மோசடி தனிக் குற்றமாக வரையறுக்கப்பட்டது. இதற்கு 10 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். மோசடியால் ஒருவருக்குக் கடும் உடற்காயம் ஏற்பட்டால் 20 ஆண்டுகள் வரையும், இறப்பு நேர்ந்தால் வாழ்நாள் வரையும் தண்டனை உயரும். மருத்துவச் சேவை தொடர்பாகப் பொய் ஆவணம் உருவாக்குவதற்கு 5 ஆண்டுகள் வரை சிறை எனத் தனிப் பிரிவும் இச்சட்டத்தில் உண்டு.

2004: குறிப்பிட்ட சில குற்றங்களின்போது பிறரது அடையாளத்தைப் பயன்படுத்துவோருக்குக் கூடுதலாக 2 ஆண்டுகள் கட்டாயச் சிறைத் தண்டனை கொண்டு வரப்பட்டது.

2010: கையூட்டின் விளைவாக எழும் கோரிக்கை பொய்க் கோரிக்கையாகவே கருதப்படும் எனச் சட்டம் தெளிவுபடுத்தியது. தவறுதலாகக் கூடுதல் பணம் பெற்றவர்கள் அதனைக் கண்டறிந்த 60 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும் எனவும் விதிக்கப்பட்டது.

மோசடியின் வகைகள்

இல்லாத சேவை: செய்யப்படாத சிகிச்சைக்கும், கொடுக்கப்படாத கருவிக்கும் கணக்கு அனுப்புதல். இறந்தவர்களின் பெயரிலும் இவ்வாறு கோரிக்கைகள் அனுப்பப்பட்டுள்ளன.

குறியீட்டை உயர்த்துதல்: எளிய சிகிச்சையைச் செய்துவிட்டு, கூடுதல் கட்டணம் உடைய சிகிச்சையின் குறியீட்டை எழுதுதல்.

பிரித்துக் கணக்கிடுதல்: ஒரே தொகுப்பாகக் கணக்கிட வேண்டிய சோதனைகளைத் தனித்தனியாகக் காட்டி மொத்தத் தொகையைக் கூட்டுதல்.

தேவையற்ற சிகிச்சை: நோயாளிக்குத் தேவைப்படாத சோதனை, மருந்து அல்லது அறுவை சிகிச்சையை உண்மையாகவே செய்தல். பணம் மட்டுமன்றி உயிருக்கும் தீங்கு விளைவிப்பதால் இதுவே மிகவும் ஆபத்தான வகையாகும்.

கையூட்டு: நோயாளிகளைத் திரட்டித் தரும் தரகர்களுக்கோ, பரிந்துரை எழுதும் மருத்துவர்களுக்கோ பணம் கொடுத்தல்.

நோயை மிகைப்படுத்துதல்: மெடிக்கேரின் தனியார் காப்புறுதிப் பிரிவில், நோயாளியின் நோய்நிலைக்கு ஏற்ப மாதத் தொகை வழங்கப்படுகின்றது. எனவே இல்லாத நோயைப் பதிவில் சேர்த்தால் காப்புறுதி நிறுவனத்திற்குக் கிடைக்கும் தொகை கூடும்.

போலி ஆவணங்களின் பங்கு

கோரிக்கை அனுப்பும்போது அதனுடன் முழு மருத்துவப் பதிவும் அனுப்பப்படுவதில்லை. தணிக்கையாளர் கேட்கும்போது காட்டுவதற்கே பெரும்பாலான போலி ஆவணங்கள் தேவைப்படுகின்றன. மருத்துவரின் கையொப்பத்தைப் பிறர் இடுதல், பரிந்துரைப் படிவத்தை நகலெடுத்துப் பல நோயாளிகளுக்குப் பயன்படுத்துதல், செவிலியர் வருகைப் பதிவை ஒரே அமர்வில் பல வாரங்களுக்கு எழுதி முடித்தல், தணிக்கை அறிவிப்பு வந்த பின்னர் பழைய நாளிட்டுப் பதிவுகளை உருவாக்குதல் ஆகியவை பொதுவாகக் காணப்படுபவை.

இத்தகைய ஆவணங்களைப் பொய்யென நிறுவ, அவற்றை அவற்றோடு தொடர்பில்லாத வேறு பதிவுகளுடன் ஒப்பிடுகின்றனர். செவிலியர் ஒரே நேரத்தில் இரு வேறு ஊர்களில் பணியாற்றியதாக எழுதப்பட்டிருக்கலாம். நோயாளி மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்த நாளில் அவரது வீட்டில் சிகிச்சை நடந்ததாகக் காணப்படலாம். ஒரு மருத்துவர் ஒரே நாளில் செய்ததாகக் கூறும் பணிகளின் மொத்த நேரம் 24 மணியைத் தாண்டலாம். மருந்துக் கடை வாங்கிய மாத்திரைகளை விட விற்றதாகக் காட்டியவை மிகுதியாக இருக்கலாம். மின்னணுப் பதிவுகளில், ஒரு குறிப்பு எந்த நேரத்தில், எவரது கணக்கிலிருந்து மாற்றப்பட்டது என்பதைக் கணினி தனியே சேமித்து வைப்பதால், பின்னாளில் செய்யப்பட்ட திருத்தங்களைக் கண்டறிய முடிகின்றது.

கண்டறியும் முறைகள்

உள்ளிருந்து வரும் தகவல்

கணக்கர், செவிலியர், அலுவலக மேலாளர் முதலியோர் தரும் தகவலே பல பெரிய வழக்குகளின் தொடக்கம் ஆகும். குயி டாம் வழக்கு முதலில் நீதிமன்றத்தில் மறைவாகவே தாக்கல் செய்யப்படும். குறைந்தது 60 நாட்கள் வரை எதிர்வாதிக்குக் கூட அது தெரிவிக்கப்படுவதில்லை. அதற்குள் அரசு விசாரித்து, தான் வழக்கில் இணைவதா இல்லையா என முடிவு செய்ய வேண்டும். நடைமுறையில் இக்காலம் பலமுறை நீட்டிக்கப்படுகின்றது. 2024 நிதியாண்டில் 979 குயி டாம் வழக்குகள் தாக்கல் செய்யப்பட்டன. எல்லாத் துறைகளையும் சேர்த்து, அவ்வாண்டு பொய்க் கோரல் சட்டத்தின் கீழ் 290 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகை தீர்ப்புகள், இணக்கத் தீர்வுகள் வழியாக அரசுக்குக் கிடைத்தது. இதில் பாதிக்கும் மேற்பட்டது மருத்துவத் துறையைச் சார்ந்தது.

நேரடி ஆய்வு

2006 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், தென் புளோரிடாவின் மூன்று மாவட்டங்களில் மெடிக்கேருக்குக் கருவிகள் வழங்குவதாகப் பதிவு செய்திருந்த 1,581 விற்பனையாளர்களின் முகவரிகளுக்குத் தலைமை ஆய்வாளர் அலுவலகத்தினர் முன்னறிவிப்பின்றிச் சென்றனர். அவற்றுள் 491 முகவரிகளில் கடையே இல்லை, அல்லது வேலை நேரத்தில் பூட்டியிருந்தது. இவர்களுடைய பதிவு நீக்கப்பட்டது. ஆயினும் 243 பேர் மேல்முறையீட்டு விசாரணை பெற்றனர். அவர்களுள் 222 பேருக்குப் பதிவு மீண்டும் கிடைத்தது. அந்த 222 பேரில் மூன்றில் இரு பங்கினரின் பதிவு பின்னர் மறுபடியும் நீக்கப்பட்டது, அல்லது செயலிழக்கச் செய்யப்பட்டது. தாளில் அனைத்தும் சரியாக இருக்கும்போது நிருவாக நடவடிக்கை மட்டும் போதாது என்பதற்கு இது எடுத்துக்காட்டாகக் காட்டப்படுகின்றது.

தரவு ஆய்வு

2007 மார்ச்சில் மயாமி பகுதியில் மெடிக்கேர் மோசடித் தடுப்புச் சிறப்புப் படை தொடங்கப்பட்டது. வழக்குரைஞர்கள், நடுவண் புலனாய்வுப் பிரிவினர், சுகாதாரத் துறை ஆய்வாளர்கள் ஆகியோர் இதில் ஒரே குழுவாகப் பணியாற்றுகின்றனர். கோரிக்கைத் தரவுகளில் வழக்கத்திற்கு மாறாக உயர்ந்து நிற்கும் எண்களைக் கொண்டு எங்கு விசாரிப்பது என முடிவு செய்வது இக்குழுவின் முறையாகும். பின்னர் இது வேறு பல நகரங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. பணம் வழங்குவதற்கு முன்னரே ஐயத்திற்குரிய கோரிக்கைகளை அடையாளம் காணும் கணினி முறைமை ஒன்று 2011 ஜூன் மாதம் செயற்பாட்டுக்கு வந்தது.

வழக்கு நடைமுறை

ஒரே செயலுக்காக உரிமையியல் வழக்கும் குற்றவியல் வழக்கும் தொடரப்படலாம். உரிமையியல் வழக்கில், பொய்க் கோரிக்கை அறிந்தே அனுப்பப்பட்டிருக்கக் கூடுதல் வாய்ப்பு உண்டு என்று காட்டினால் போதும். அறிந்திருத்தல் என்பதில் உண்மையான அறிவு, வேண்டுமென்றே அறியாமல் இருத்தல், பொறுப்பற்ற அலட்சியம் ஆகிய மூன்றும் அடங்கும். குற்றவியல் வழக்கில் ஏமாற்றும் நோக்கம் நியாயமான ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட வேண்டும். தண்டனை பெற்றவர்கள் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு நடுவண் மருத்துவத் திட்டங்களிலிருந்து விலக்கி வைக்கப்படுகின்றனர். பெரும்பாலான நோயாளிகள் இத்திட்டங்களைச் சார்ந்திருப்பதால், மருத்துவமனை ஒன்றுக்கு இவ்விலக்கு தொழிலை மூடுவதற்கு ஒப்பானது.

நோக்கத்தை மெய்ப்பிப்பது எளிதன்று. மருத்துவக் குறியீட்டு விதிகள் பல்லாயிரக்கணக்கானவை. அவற்றை அடிக்கடி மாற்றுகின்றனர். எனவே இது வெறும் எழுத்துப் பிழை, விதியை நான் இவ்வாறு புரிந்து கொண்டேன், ஊழியர் செய்தது எனக்குத் தெரியாது என்னும் எதிர்வாதங்கள் வழக்கமாக எழுகின்றன. இவற்றை எதிர்கொள்ளப் போலி ஆவணங்களே அரசுத் தரப்புக்குப் பெரிதும் உதவுகின்றன. பிழையாகக் கணக்கு எழுதியவருக்குக் கையொப்பத்தைப் போலியாக இடவேண்டிய தேவை இல்லை. எனவே மறைப்பதற்காகச் செய்யப்பட்ட செயல், செய்தவருக்கு உண்மை தெரிந்திருந்தது என்பதற்குச் சான்றாகின்றது.

குறிப்பிடத்தக்க வழக்குகள்

கொலம்பியா எச்.சி.ஏ.

தொண்ணூறுகளில் அமெரிக்காவின் மிகப் பெரிய தனியார் மருத்துவமனைக் குழுமமாக விளங்கிய கொலம்பியா எச்.சி.ஏ. மீதான விசாரணை, 1997 ஆம் ஆண்டில் நடைபெற்ற சோதனைகளால் வெளியுலகுக்குத் தெரிய வந்தது. இவ்வழக்கின் வேர் அதற்கு முந்தியது. மொன்டானா மாநிலத்தின் சிறு மருத்துவமனை ஒன்றில் நிதி அலுவலராக இருந்த ஒருவரிடம், மருத்துவமனையின் புதிய மேலாண்மை நிறுவனம் இரு வகைச் செலவு அறிக்கைகளைத் தயாரிக்கச் சொன்னது. ஒன்று அரசுக்கு அனுப்புவதற்கு; மற்றொன்று, அரசு தணிக்கை செய்தால் எவ்வளவு தொகையைத் திருப்பித் தர வேண்டியிருக்கும் என நிறுவனம் தனக்குள் வைத்துக் கொள்வதற்கு. அவர் மறுத்துப் பணியை இழந்தார். 1993 இல் அவர் தொடர்ந்த வழக்கு பின்னர் கொலம்பியா எச்.சி.ஏ. மீதான வழக்குகளுள் ஒன்றாயிற்று.

2000 ஆம் ஆண்டில் 84 கோடி டாலரும், 2003 இல் மேலும் 63.1 கோடி டாலரும் செலுத்த அக்குழுமம் இணங்கியது. செலவு அறிக்கைகள் தொடர்பாகத் தனியே செலுத்தப்பட்ட 25 கோடி டாலரையும் சேர்த்து மொத்தம் ஏறத்தாழ 170 கோடி டாலர் ஆகும். குழுமத்தின் துணை நிறுவனங்கள் குற்றங்களை ஒப்புக் கொண்டன.

ஆனால் தனி மனிதர்கள் மீதான வழக்கு வேறு விதமாக முடிந்தது. புளோரிடாவின் மருத்துவமனை ஒன்றின் வட்டிச் செலவைத் தவறான தலைப்பில் காட்டியதாக 1999 இல் தண்டிக்கப்பட்ட இரு நிதி அலுவலர்களை, 2002 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது. விதி தெளிவற்றதாக இருந்தது என்றும், அவர்கள் கொண்ட பொருள் நியாயமானதாக இருக்கக்கூடும் என்றும், எனவே பொய்யுரைத்தனர் என மெய்ப்பிக்கப்படவில்லை என்றும் அந்நீதிமன்றம் கருதியது.

டெக்சாஸ் வீட்டுச் செவிலியர் வழக்கு

மெடிக்கேர் செலவில் வீட்டிற்கே செவிலியர் வரவேண்டுமெனில், நோயாளி வீட்டை விட்டு எளிதில் வெளியேற இயலாதவர் என மருத்துவர் ஒருவர் சான்றளிக்க வேண்டும். இதற்குரிய சிகிச்சைத் திட்டப் படிவத்தின் எண் 485. டாலஸ் அருகே பணியாற்றிய மருத்துவர் ஜாக் ராயின் அலுவலகத்தில், இப்படிவங்களில் அவரது கையொப்பத்தை இடுவதற்கென்றே ஊழியர்கள் இருந்தனர். அப்பிரிவு 485 பிரிவு என்றே அழைக்கப்பட்டது. 2006 முதல் 2011 வரை 500 க்கும் மேற்பட்ட செவிலியர் நிறுவனங்களுக்காக, 11,000 க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு இவ்வலுவலகம் சான்றளித்தது. நோயாளிகளைத் திரட்டும் பணி வீடற்றோர் விடுதி ஒன்றின் அருகிலும் நடைபெற்றது.

இதனை வெளிப்படுத்தியது தரவு ஆய்வே. 2010 இல் இத்தகைய சான்று வழங்கிய மருத்துவர்களுள் 99 விழுக்காட்டினர் 104 அல்லது அதற்குக் குறைவான நோயாளிகளுக்கே சான்றளித்திருந்தனர். ராயின் எண்ணிக்கையோ 5,000 ஐத் தாண்டியிருந்தது. 2011 ஜூனில் அவருக்குப் பணம் வழங்குவது நிறுத்தப்பட்டது. உடனே அவரது அலுவலகத்தினர் வேறொரு நிறுவனத்தின் எண்ணின் கீழ்க் கணக்கு அனுப்பத் தொடங்கினர். 2012 இல் கைது செய்யப்பட்ட ராய், 2016 இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, 2017 ஆகஸ்டில் 35 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். மோசடியின் அளவு ஏறத்தாழ 37.5 கோடி டாலர் எனக் கணக்கிடப்பட்டது.

மிச்சிகன் புற்றுநோய் மருத்துவர் வழக்கு

டெட்ராய்ட் பகுதியில் புற்றுநோய் மருத்துவராகப் பணியாற்றிய ஃபரீத் ஃபத்தா, புற்றுநோய் இல்லாதவர்களுக்கும், நோய் குணமடைந்த நிலையில் இருந்தவர்களுக்கும் வேதிச் சிகிச்சை அளித்தார். அதனை நியாயப்படுத்தப் பொய்யான நோய்க்குறிப்புகள் எழுதப்பட்டன. அவருடைய அலுவலக மேலாளர் அளித்த தகவலின் பேரில் 2013 ஆகஸ்ட் 6 அன்று அவர் கைது செய்யப்பட்டார். 2014 செப்டம்பரில் 16 குற்றச்சாட்டுகளை ஒப்புக் கொண்டார். 2015 ஜூலை 10 அன்று அவருக்கு 45 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

பாதிக்கப்பட்ட நோயாளிகளின் எண்ணிக்கை 553 என அரசுத் தரப்பு தெரிவித்தது. பொய்யாக அனுப்பப்பட்ட கணக்குகளின் மதிப்பு ஏறத்தாழ 3.4 கோடி டாலர். டெக்சாஸ் வழக்குடன் ஒப்பிடுகையில் தொகை பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. தண்டனையோ பத்து ஆண்டுகள் கூடுதல். இவ்வகை வழக்குகளில் இழப்பைப் பணத்தால் மட்டும் அளக்க இயலாது என்பதை இவ்வழக்கு உணர்த்தியது. இங்கு சிகிச்சை உண்மையிலேயே நடைபெற்றதால், நோயாளி வந்தாரா, மருந்து ஏற்றப்பட்டதா எனச் சரிபார்க்கும் எந்தத் தணிக்கையிலும் பிழை தென்படாது என்பதும் குறிப்பிடத்தக்கது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள்

2016: மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மெடிக்கெய்டு செலவில் மனநலச் சிகிச்சை பெற்ற பதின்பருவப் பெண் ஒருவர், மருந்து ஒன்றின் எதிர்விளைவுக்குப் பின்னர் 2009 இல் வலிப்பு கண்டு இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களுள் பலர் உரிய தகுதியோ மேற்பார்வையோ அற்றவர்கள் என்பது பின்னர் தெரிய வந்தது. பெற்றோர் தொடர்ந்த எஸ்கோபார் வழக்கில், முக்கியமான விதிமீறலை மறைத்து அனுப்பும் கணக்கும் பொய்க் கோரிக்கை ஆகலாம் என உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அம்மீறல், பணம் வழங்கும் முடிவைப் பாதிக்கக்கூடிய அளவு முக்கியமானதாக இருக்க வேண்டும் எனவும் கூறியது.

2023 ஜூன் 1: விதிக்குப் பின்னாளில் வழக்குரைஞர் ஒருவர் நியாயமான வேறு பொருள் கூற முடியும் என்பது போதாது என்றும், கோரிக்கை அனுப்பியபோது எதிர்வாதி உண்மையில் என்ன நம்பினார் என்பதே கேள்வி என்றும் சூப்பர்வேல்யூ வழக்கில் தீர்ப்பளிக்கப்பட்டது.

2023 ஜூன் 8: டூபின் வழக்கில், மெடிக்கெய்டுக்கு மிகைப்படுத்திய கணக்கு அனுப்பிய ஒருவர் மீது அடையாளத் திருட்டுக் குற்றமும் சாட்டப்பட்டிருந்தது. கணக்கில் நோயாளியின் பெயர் இடம்பெற்றது என்பதே இதற்குக் கூறப்பட்ட காரணம். நோயாளியின் பெயர் எல்லாக் கணக்குகளிலும் இடம்பெறும் என்பதால், ஏமாற்றின் மையமே அடையாளத்தைத் தவறாகப் பயன்படுத்துவதாக இருந்தால்தான் இப்பிரிவு பொருந்தும் என நீதிமன்றம் வரையறுத்தது.

நோயாளிகள் மீதான தாக்கம்

பொய்க் கணக்கு அரசுப் பணத்தை மட்டும் பாதிப்பதில்லை. ஒருவர் பெயரில் எழுதப்பட்ட இல்லாத நோய் அவருடைய மருத்துவப் பதிவில் நிலைத்து விடுகின்றது. அடுத்து வரும் மருத்துவர் அதனை உண்மை என நம்பி மருந்து தரக்கூடும். சில கருவிகளுக்கும் சேவைகளுக்கும் கால வரம்பு இருப்பதால், ஒருவருடைய பெயரில் முன்னரே பொய்யாகக் கருவி வழங்கப்பட்டிருந்தால், உண்மையான தேவை எழும்போது அவருடைய கோரிக்கை மறுக்கப்படலாம். இறுதிக்காலப் பராமரிப்புத் திட்டத்தில் அறியாமல் சேர்க்கப்பட்டவருக்கு, நோயைக் குணப்படுத்தும் சிகிச்சைக்கான செலவு மறுக்கப்படும் இடரும் உண்டு.

விமரிசனங்கள்

இவ்வழக்குகள் குறித்துப் பல திசைகளிலிருந்தும் விமரிசனங்கள் எழுந்துள்ளன. பெரிய நிறுவனங்கள் பணம் செலுத்தி, பெரும்பாலும் குற்றத்தை ஒப்புக் கொள்ளாமலேயே இணக்கத் தீர்வு பெறுகின்றன என்பதும், முடிவெடுத்த மேலாளர்கள் தண்டிக்கப்படுவது அரிது என்பதும் ஒரு சாராரின் குறை. விதிகளின் சிக்கலால் நேர்மையான சிறு மருத்துவர்களும் தணிக்கை அச்சத்தில் பணியாற்ற நேர்கின்றது என்பது மற்றொரு சாராரின் குறை.

அரசுத் தரப்பின் நடத்தையும் கேள்விக்கு உள்ளாகியுள்ளது. மயாமியின் முதியோர் பராமரிப்பு இல்ல உரிமையாளர் பிலிப் எஸ்ஃபோர்ம்ஸ் 2019 இல் 20 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அவருடைய வழக்கில், வழக்குரைஞர்-கட்சிக்காரர் இரகசியத்திற்கு உட்பட்ட ஆவணங்களை அரசுத் தரப்பு கையாண்ட முறையை நீதிமன்றம் கண்டித்தது. எனினும் வழக்கைத் தள்ளுபடி செய்யவில்லை. 2020 டிசம்பரில் குடியரசுத் தலைவர் டொனால்ட் டிரம்ப் அவருடைய சிறைத் தண்டனையைக் குறைத்து விடுவித்தார்.

தனி மனிதர் அரசின் சார்பில் வழக்குத் தொடர்வது அரசியலமைப்புக்கு முரணானது என 2024 செப்டம்பரில் புளோரிடாவின் நடுவண் மாவட்ட நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யப்பட்டது. உள்ளிருந்து வரும் தகவலை நம்பியே பல வழக்குகள் அமைவதால், இதன் முடிவு இத்துறையில் பெரும் விளைவுகளை ஏற்படுத்தக்கூடும்.

அறிவிக்கப்படும் தொகைகளையும் கவனமாகப் படிக்க வேண்டும். 2025 ஜூனில் நாடு தழுவிய நடவடிக்கை ஒன்றில் 324 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. இதில் கூறப்பட்ட மோசடியின் அளவு 1,460 கோடி டாலர். இது பொய்யாகக் கோரப்பட்டதாகக் கூறப்படும் தொகையே. அரசு உண்மையில் கொடுத்த தொகை இதனினும் மிகக் குறைவு. இதன் பெரும்பகுதி, பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோரின் திருடப்பட்ட அடையாளங்களைக் கொண்டு சிறுநீர்க் குழாய் முதலிய கருவிகளுக்கு அனுப்பப்பட்டதாகக் கூறப்படும் கோரிக்கைகள் ஆகும். இவற்றுக்கான பணத்தில் பெரும்பகுதி வழங்கப்படும் முன்னரே தடுக்கப்பட்டது. பணத்தைக் கொடுத்துவிட்டுத் துரத்தும் முறையிலிருந்து, கொடுப்பதற்கு முன்னரே நிறுத்தும் முறைக்கு மாறும் முயற்சியின் ஒரு பகுதியாக இது கருதப்படுகின்றது.